நிகமத்தார் கொடுத்த மலையும் ஏலத்துக்கு வந்த மலையும்



நான் பட்டம் வாங்கிய வரலாற்றாசிரியன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்து, 1980-களில் பம்பாய்க்கு வந்து, செம்பூரில் கல்லும் டைல்ஸும் விற்றுப் பிழைத்தவன். கடையைச் சாத்திய பிறகு கல்வெட்டுப் புத்தகங்களைப் புரட்டுகிற பழக்கம் முப்பது வருஷமாக உண்டு. மலர்க்குழுவினர், "நயினார் ஐயா, உங்க சமண மலைகளைப் பத்தி ஒரு கட்டுரை குடுங்க" என்று கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் மலையைப் பற்றி மட்டும் எழுத முடியவில்லை. என் கடைக் கணக்கும் கூடவே வந்துவிட்டது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நிகமம் என்ற சொல்

மதுரையைச் சுற்றிலும் உள்ள குன்றுகளில்தான் தமிழின் மிகப் பழைய கல்வெட்டுகள் பல இருக்கின்றன. அவற்றுள் தலையாயது மேலூர் வட்டாரத்தில் மாங்குளம் - மீனாட்சிபுரம் குன்றில் உள்ளது. 1882-ஆம் ஆண்டு ராபர்ட் சிவெல் இதைக் கண்டார். ஆனால் என்ன மொழி என்று வெகுகாலம் விளங்கவில்லை. 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர்தான் இக்குகை எழுத்துகள் தமிழே என்று எடுத்துக்காட்டினார். பின்னர் ஐராவதம் மகாதேவன் அவர்கள் 1960-களில் அதில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரைப் படித்து உறுதி செய்தார். ஏறத்தாழ 2,200 ஆண்டுப் பழமை உடையது என்பது அவர் கணிப்பு.

கணிநந்தன் என்ற சமணத் துறவிக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தியை அக்கல்வெட்டுகள் சொல்கின்றன. கொடுத்தவர்களில் நெடுஞ்செழியனின் அலுவலன் உண்டு, அரசனின் உறவினன் உண்டு. அவர்களோடு சேர்ந்து வெள்ளறை நிகமத்தாரும் கொடுத்திருக்கிறார்கள். நிகமம் என்றால் வணிகர் கூட்டம். இன்றைய பாஷையில் வியாபாரிகள் சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பக்கத்திலுள்ள இன்றைய வெள்ளரிப்பட்டியே அந்த வெள்ளறை என்று அறிஞர் கருதுவர். சற்றுத் தள்ளி அழகர்மலைக்குப் போனால் உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன் என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கின்றன. கொழு என்பது ஏர்க்கொழு, அறுவை என்பது துணி.

இதைப் படித்த அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தமிழ்க் கல்வெட்டின் தொடக்கத்திலேயே கடைக்காரர்கள் இருக்கிறார்கள்! அவர்கள் கொடுத்தது எவ்வளவு? ஒரு மனிதன் படுக்க, பாறையின் மேல் முதுகு படிகிற ஆழம். தலை வைக்க ஒரு மேடு. மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்க மேலே ஒரு புருவம். அவ்வளவுதான் வெட்டினார்கள். மலை மலையாகவே இருந்தது.

காஷ்மீர் ஒயிட்

இனி என் கணக்கைச் சொல்கிறேன். 1990-களிலும் அதற்குப் பிறகும் இந்தப் பக்கத்தில் அடுக்களை மேடைக்கு கிரானைட் போடாத வீடு குறைவு. ‘காஷ்மீர் ஒயிட்’ என்று ஒரு வெள்ளைக் கல், சிறு சிறு செம்புள்ளிகளோடு பார்க்க அழகாக இருக்கும். வாங்க வருபவர்கள், "காஷ்மீர்லேந்து வருதா?" என்று கேட்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவேன். உண்மையில் அது மேலூர்ப் பக்கத்துக் கல். லாரி வந்தது, பில் இருந்தது, பணம் கொடுத்தேன். எந்த மலை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

2012-இல் மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் அவர்கள், மேலூர் வட்டாரத்தில் நடந்த முறைகேடான கிரானைட் வெட்டால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அறிக்கை கொடுத்தார். அதைக் கடையில் உட்கார்ந்து பேப்பரில் படித்தேன். அடுத்த வருஷம் ஊருக்குப் போனபோது கீழவளவு மலைக்குப் போனேன். தொண்டியைச் சேர்ந்த ஓர் இல்லறத்தான் செய்வித்த கற்படுக்கை அங்கே இருக்கிறது. எழுத்துகள் இடவலம் மாறி வெட்டப்பட்டிருக்கும் விசித்திரமான கல்வெட்டு அது. பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் உண்டு. கும்பிட்டுவிட்டுத் திரும்பினால், அந்த வட்டாரமெங்கும் கல் எடுத்த பள்ளங்கள். நேர்க்கோட்டில் அறுத்த சுவர்கள், அடியில் பச்சைத் தண்ணீர்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, "எந்தூரு அய்யா?" என்றார். "பம்பாயிலேருந்து வர்றேம்மா" என்றேன். "இந்தக் கல்லெல்லாம் அங்கிட்டுத்தானே போச்சு? மிச்சத்தையும் பாத்துட்டுப் போக வந்தீகளா?" என்றார். அவர் என் தொழிலைத் தெரிந்து கேட்கவில்லை. ஆனால் எனக்கு வாய் எழவில்லை.

சமண சிராவகன் செய்யத்தகாத தொழில்கள் பதினைந்து என்று நம் நூல்கள் வகுக்கும். பூமியைத் தோண்டிப் பிளந்து பிழைப்பது அதில் ஒன்று. மண்ணுக்கும் கல்லுக்கும் ஓரறிவு உயிர் உண்டு என்பது கொள்கை. சின்ன வயதில் பாட்டியிடம் கேட்டது, மனப்பாடமாகத் தெரியும். ‘நான் தோண்டவில்லையே, விற்கத்தானே செய்கிறேன்’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து கிரானைட் வியாபாரத்தை நிறுத்தினேன். டைல்ஸை விடவில்லை. டைல்ஸும் மண்தான் என்று என் மகன் சொல்கிறான். அதற்கும் என்னிடம் பதில் கிடையாது.

ஏழு குன்றும் இரண்டு ஊரும்

கீழவளவு போல் ஆகாமல் தப்பித்த ஊர் அரிட்டாபட்டி. அங்கும் கிரானைட் எடுக்க முயற்சி நடந்தது. ஊரார் கூடி எதிர்த்து நிறுத்தினார்கள். ஏழு குன்றுகள், 72 ஏரி குளங்கள், 200 இயற்கைச் சுனைகள், மூன்று தடுப்பணைகள் என்று அரசுக் குறிப்பு கணக்கிடுகிறது. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள், அவற்றில் வல்லூறும் கழுகும் உண்டு. தேவாங்கும் அழுங்கும் மலைப்பாம்பும் வாழும் இடம். கழிஞ்சமலையில் தமிழி எழுத்தில் நெல்வேலிக்காரன் ஒருவன் குகை கொடுத்த செய்தியும், பிற்காலத் தீர்த்தங்கரர் சிற்பமும் வட்டெழுத்தும் இருக்கின்றன. அதே ஊரில் பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரையும் உண்டு. உள்ளே லகுலீசர் சிற்பம். சைவமும் சமணமும் ஒரே ஊர்ப் பாறையைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன.

2022 நவம்பரில் தமிழக அரசு, 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் 37-ஆவது பிரிவின்படி, அரிட்டாபட்டியிலும் அடுத்துள்ள மீனாட்சிபுரத்திலுமாகச் சுமார் 193 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் இதுவே முதல். இரண்டு ஊர், இரண்டு வட்டார எல்லை தாண்டிய காப்பிடம் என்பதைக் கவனிக்க வேண்டும். குன்றுக்குத் தாலுகா எல்லை தெரியாதல்லவா?

ஏலம்

அணுசக்தி நகர் வாசகர்களுக்கு டங்ஸ்டனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. குண்டு பல்பின் இழையிலிருந்து துளைக் கருவியின் நுனி வரை அது வேண்டும். உலக உற்பத்தியில் பெரும்பகுதி சீனத்திடம் இருக்கிறது. இராஜஸ்தானத்து தேகானா சுரங்கம் மூடப்பட்டு நாளாயிற்று. ஆகவே தேசத்துக்குத் தேவை என்பது பொய்யில்லை.

2023-இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு, 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் உரிமை மத்திய அரசிடம் போனது. 2024 நவம்பர் 7 அன்று நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு முடிவாயிற்று. பரப்பு 2015.51 ஹெக்டேர், அதாவது ஐயாயிரம் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு வருஷத்துக்கு முன் காப்பிடமாக அறிவித்த நிலமும் அதற்குள்ளேயே இருந்தது. ஒரு துறை போட்ட கோட்டை இன்னொரு துறையின் வரைபடம் மதிக்கவில்லை. மாநிலமும் மத்தியும் ஒருவரையொருவர் குறை சொன்னார்கள்.

ஊரார் விடவில்லை. டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. டிசம்பர் 24 அன்று, காப்பிடத்தை மட்டும் விலக்கி எல்லையை மறு ஆய்வு செய்யலாம் என்று மத்தியக் கனிம அமைச்சகம் சொன்னது. கடைக்காரன் பாஷையில் சொன்னால், பத்தில் ஒன்றைத் தள்ளுபடி செய்து மிச்சத்தை எடுத்துக்கொள்ளும் பேரம். இந்த இடத்தில்தான் மேலூர்க்காரர்களின் விவேகத்தைப் பாராட்ட வேண்டும். அவர்கள் பேரத்துக்கு உடன்படவில்லை. சுற்றிலும் தோண்டிவிட்டு நடுவில் குன்றை நிறுத்தினால் சுனை ஊறுமா? வல்லூறு இரை தேடக் கோட்டுக்கு உள்ளேயேவா பறக்கும்? 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மேலூர்ப் பகுதியிலிருந்து மதுரைக்கு ஊர்வலமாக வந்தார்கள். ஜனவரி 23-ஆம் தேதி ஏலம் ரத்து என்று அறிவிப்பு வந்தது.

எல்லை எங்கே?

மேலூர் விவசாயிக்கு இது புதிய பாடம் இல்லை. 1895 முதல் அவர் வயலுக்குப் பெரியாற்றுத் தண்ணீர் வருகிறது. அந்த மழை பெய்யும் காடு கேரளத்தில் இருக்கிறது. வேறு மாநிலத்துக் காடு நின்றால்தான் தன் வயலில் நெல் நிற்கும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

நமக்கும் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. போரிவலியிலிருந்து தானே வரை, இரண்டு மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. அதற்குள் கன்ஹேரி குகைகள். அங்கே கல்யாண், சோபாரா வணிகர்கள் பௌத்தத் துறவிகளுக்குக் குகையும் தண்ணீர்த் தொட்டியும் கொடுத்த கல்வெட்டுகள் இருக்கின்றன. நம் வெள்ளறை நிகமத்தாரின் சகோதரர்கள் என்றே சொல்லலாம். அந்தப் பூங்காவின் அடியில் தானே - போரிவலி இரட்டைச் சுரங்கச்சாலை, அணுகுசாலையும் சேர்த்துச் சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்டு, 2024 ஜூலையில் அடிக்கல் நாட்டப்பட்டது. மேலே காடு அப்படியே இருக்கும் என்கிறார்கள். இருந்தால் மகிழ்ச்சி. கோடு போட்டுக் காத்த காட்டின் அடியிலும் ஒரு கணக்கு உண்டு என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

சாலையே வேண்டாம், உலோகமே வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு அருகதையும் இல்லை. சாலைக்கு ஜல்லி வேண்டும், ஜல்லிக்கு ஏதோ ஒரு மலை போக வேண்டும். எந்த மலை என்று முதலில் கேட்க வேண்டும் என்கிறேன். வாங்குகிறவன் கேட்டால் விற்கிறவன் கேட்பான், விற்கிறவன் கேட்டால் வெட்டுகிறவன் பதில் சொல்லியாக வேண்டும். முப்பது வருஷம் கேட்காமல் இருந்தவன் சொல்கிறேன்.

அடுத்த கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் அன்பர்கள், மதுரையில் மீனாட்சி அம்மனைத் தரிசித்த பிறகு ஒரு காலைப் பொழுதை ஒதுக்கிப் பிள்ளைகளோடு அரிட்டாபட்டிக்குப் போய்வாருங்கள். அந்தக் கற்படுக்கையின் மேல் கையை வைத்துப் பாருங்கள், வெயிலிலும் சில்லென்று இருக்கும். வீட்டுக்கு வந்து அடுக்களை மேடையிலும் கையை வைத்துப் பாருங்கள். அதுவும் அதே குளிர்ச்சிதான். இரண்டும் ஒரே வட்டாரத்துக் கல்லாகவும் இருக்கலாம். ஒன்று கொடுத்தது, மற்றது எடுத்தது. இரண்டையும் செய்தவர்கள் என்னைப் போன்ற வியாபாரிகள்தான்.