மிதவாதியும் தீவிரவாதியும்

மனிதரைப் போலவே சொற்களுக்கும் வாழ்வும் தாழ்வும் உண்டு. அரசியலில் ஒருவர்க்கு இடப்பட்ட பெயர்களுள் சில வெறும் பெயராகவே நின்றுவிடுகின்றன, சில வசையாகிவிடுகின்றன. இதற்குக் காரணம் யாது? காங்கிரஸ் வரலாற்றின் இரண்டு பெயர்களைக் கொண்டு ஆராய்வோம்.

1907 டிசம்பரில் சூரத் நகரில் கூடிய காங்கிரஸ் மாநாடு, மிதவாதிகள், தீவிரவாதிகள் என இரண்டாகப் பிளந்தது. நம் வ. உ. சிதம்பரனாரும் பாரதியாரும் திலகர் பக்கம் நின்றனர். அப்பக்கத்தார் தம்மைப் ‘புதிய கட்சியார்’ என்றே சொல்லிக்கொண்டனர். ‘தீவிரவாதி’ என்பது பிறர் இட்ட பெயர். இவ்விரு பெயர்களும் காலத்தைப் பொறுத்தவை, இன்றைய தீவிரவாதி நாளை மிதவாதியாவான் என்று அவ்வாண்டின் தொடக்கத்திலேயே திலகர் கல்கத்தாவில் விளக்கியிருந்தார்.

ஆட்சியாளர் வாயில் ‘தீவிரவாதி’ வசைமொழி. ஆனால் 1908இல் திலகர் ஆறாண்டுத் தண்டனை பெற்று மாந்தளை சென்றபின், சிதம்பரனார் கடுஞ்சிறை புகுந்தபின், மக்கள் செவியில் அதுவே புகழ்மொழியாயிற்று.

‘மிதவாதி’யின் கதை இதற்கு நேர்மாறானது. மிதம் என்பது உணவிலும் பேச்சிலும் நாம் போற்றும் பண்பு. எனினும், 1918இல் காங்கிரசினின்று விலகி, 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்கீழ்ப் பதவி ஏற்றோரைச் சுட்டியபோது அச்சொல் இகழ்ச்சியாயிற்று. சுரேந்திரநாத் பானர்ஜி 1883இலேயே சிறை கண்டவர். வங்கப் பிரிவினையை எதிர்த்து முன்னின்றவர். 1921இல் ‘சர்’ பட்டமும் அமைச்சுப் பதவியும் வந்தன. 1923 தேர்தலில் மக்கள் அவரைத் தோற்கடித்தனர்.

இதனால் நாம் அறிவது ஒன்று: சுமந்தவர்க்குத் துன்பம் தந்த பெயர் வசையாக நிலைப்பதில்லை, ஆதாயம் தந்த பெயரே வசையாகிறது.

ஆயினும் மக்கள் தீர்ப்பும் முழு நீதியன்று. கல்கத்தா மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் பதவிக்கு வழிவகுத்த 1923ஆம் ஆண்டுச் சட்டம், அமைச்சர் பானர்ஜி கொணர்ந்தது. 1924இல் அப்பதவியில் முதலில் அமர்ந்தவர், எதிரணித் தலைவரான சித்தரஞ்சன் தாஸ்!

காலம் மீண்டும் சொல்லைப் புரட்டியது. ‘தீவிரவாதி’ இன்று படைக்கலம் ஏந்தி அச்சுறுத்துவோரின் பெயர். பாடநூலில் திலகருக்கு அப்பெயரைக் காணும் நம் பிள்ளைகள் திகைக்கின்றனர். அவர்களுக்கு நாம் என்ன விடை சொல்வோம்?

கோப்புகளோடு வாழ்பவர் நாம். ஒருவர் பெயரோடு ஒட்டிய அடைமொழி, எழுதியவர் ஓய்வு பெற்ற பின்னும் அழிவதில்லை என்பதை அறிவோம். வரலாறும் அத்தகைய கோப்பே. அடைமொழியைப் படிக்குமுன், அதை எழுதிய கை எது என்று பார்க்கக் கற்பிப்போம்.