கேமரா செல்போனுக்குள் போன கதை

"டிஜிட்டல் கேமராவைக் கண்டுபிடித்ததே கோடாக்தான். ஆனால் அதை அலமாரியில் ஒளித்து வைத்ததால் அழிந்து போனது." வணிகவியல், மேலாண்மை படிப்பவர்கள் ஒரு முறையாவது கேட்டிருக்கும் கதை இது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதிதான் உண்மை.

1975ல் கோடாக்கின் இளம் பொறியாளர் ஸ்டீவ் சாசன் செய்த கருவியை 'ஒட்டுவேலை' என்று சொன்னாலும் தப்பில்லை. லென்ஸ், வீட்டில் படம் பிடிக்கும் பழைய மூவி கேமராவினுடையது. ஒளியை மின்சாரமாக மாற்றும் சிசிடி சில்லு வேறொரு கம்பெனியிடம் வாங்கியது (சிசிடி பிறந்தது 1969ல், பெல் ஆய்வகத்தில்). படம் பதிவானது கேசட்டில்! எடை 3.6 கிலோ. ஒரு கறுப்பு வெள்ளைப் படம் பதிவாக 23 நொடி. பார்க்க டிவி வேண்டும். இதைத் தூக்கிக்கொண்டு யார் கல்யாண வீட்டுக்குப் போவது?

சில்லுகள் பிறகு மேம்பட்டன. ஆனாலும் சிசிடி மின்சாரத்தை நிறையத் தின்னும், கூடவே துணைச் சில்லுகளையும் கேட்கும். செல்போன் பேட்டரிக்குக் கட்டுப்படியாகாது. இதற்கு விடை வந்தது விண்வெளித் துறையிலிருந்து. விண்கலங்களுக்குச் சின்ன கேமரா தேவைப்பட்டதால், 1990களில் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் எரிக் ஃபாசம் குழுவினர் சிமாஸ் சென்சாரை உருவாக்கினார்கள். கணினிச் சில்லு செய்யும் அதே முறையில் செய்யலாம், மின்செலவு குறைவு, கேமராவின் மின்னணு வேலையெல்லாம் ஒரே சில்லில் அடங்கும். செல்போனை மனதில் வைத்து யாரும் இதைத் தொடங்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

1997 ஜூன் 11 அன்று, கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் பிலிப் கான் என்பவருக்கு மகள் பிறந்தாள். அவர் மருத்துவமனையிலேயே ஒரு கேசியோ கேமராவையும் மோட்டோரோலா செல்போனையும் லேப்டாப் வழியாக இணைத்து, குழந்தையின் படத்தை 2000 பேருக்கு மேல் அனுப்பினார். மறுபடியும் ஒட்டுவேலை! 2000 நவம்பரில் ஜப்பானில் ஷார்ப்பின் கேமரா போன் வந்தது. 1,10,000 பிக்சல்தான். ஆனால் எடுத்த படத்தை அந்தப் போனிலிருந்தே அனுப்பலாம்.

இப்போது கோடாக்குக்கு வருவோம். அது டிஜிட்டல் கேமராவை ஒரேயடியாக ஒளித்து வைக்கவில்லை. 2005ல் அமெரிக்க டிஜிட்டல் கேமரா விற்பனையில் முதலிடமே அதற்குத்தான். சிக்கல் கணக்கில் இருந்தது. பிலிம் காலத்தில் கேமரா வெறும் தூண்டில். லாபம் ஒவ்வொரு ரோலிலும், ஒவ்வொரு பிரிண்டிலும் வந்தது. டிஜிட்டலில் கேமராவை ஒரு முறை விற்றால் அதோடு சரி. அந்த ஒரு முறை விற்பனையையும் செல்போன் பிடுங்கிக்கொண்டது. 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்பு கேட்டு மனு செய்தது.

அடி கோடாக்குக்கு மட்டும் அல்ல. ஜப்பான் கேமரா நிறுவனங்களின் சங்கம் வெளியிடும் கணக்குப்படி, 2010ல் 12 கோடியைத் தாண்டிய டிஜிட்டல் கேமரா விநியோகம் 2019ல் சுமார் 1.5 கோடி. அந்தக் கேமராக்காரர்களில் சோனி வேறு வழி பிடித்தது. தன் சென்சார் சில்லுகளைச் செல்போன் கம்பெனிகளுக்கே விற்றது. ஐபோனுக்குப் பத்தாண்டுக்கு மேலாக சென்சார் கொடுப்பது சோனிதான் என்று 2022 டிசம்பரில் ஆப்பிளின் டிம் குக்கே வெளிப்படையாகச் சொன்னார்.