பேச்சிப்பாறை அணை: அக்கரைக்குப் போக படகுதான் வழி... பாலம் கட்ட என்ன தடை?

ரேஷன் அரிசி வாங்கணுமா? படகு. ஆஸ்பத்திரிக்குப் போகணுமா? அதுக்கும் படகு. குமரி மாவட்டம் பேச்சிப்பாறை அணையின் அக்கரையில் இருக்கும் சில காணி பழங்குடி குடியிருப்புகளின் நிலைமை இதுதான். பாலம், சாலை வேண்டும் என்பது இவர்களின் நீண்ட நாள் கோரிக்கை. அது ஏன் சுலபமாக நடப்பதில்லை? பார்க்கலாம்.

பாதை எப்படி மறிக்கப்பட்டது?

திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், பொறியாளர் மிஞ்சின் மேற்பார்வையில் கோதையாற்றின் குறுக்கே கட்டப்பட்டது பேச்சிப்பாறை அணை. 1906-ல் பணி முடிந்தது. முழு நீர்மட்டம் 48 அடி. நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் பாயும் இதே தண்ணீர்தான், மேலே மலை மக்களின் வழியை மறித்து நிற்கிறது.

படகில் என்ன சிக்கல்?

அணையின் நீர்மட்டம் ஒரே அளவில் நிற்காது. தண்ணீர் இறங்கினால் கரை தள்ளிப்போகும். சேற்றில் இறங்கி நடக்கணும். மழை, காற்று, இருட்டு என்றால் பயணமே ஆபத்து. பிரசவ வலி வந்தவருக்கும் பாம்பு கடித்தவருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

அனுமதி யார் தரணும்?

2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு இங்கே கைகொடுக்கும். பள்ளி, மருத்துவமனை, ரேஷன் கடை, சாலை உள்ளிட்ட 13 வசதிகளுக்கு வன நிலத்தை அரசு ஒதுக்கலாம். நிபந்தனைகள் மூன்று:

* ஒவ்வொரு பணிக்கும் 1 ஹெக்டேருக்குள் நிலம்
* ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது
* கிராம சபையின் பரிந்துரை கட்டாயம்

4 மீட்டர் அகலச் சாலை என்றால், 1 ஹெக்டேரில் இரண்டரை கிலோமீட்டர் வரை போடலாம். அதைத் தாண்டினால் 1980 வனப் பாதுகாப்புச் சட்டப்படி தனி அனுமதி தேவை. வன உயிரின சரணாலயத்துக்குள் வரும் இடம் என்றால், தேசிய வன உயிரின வாரியம் வரை கோப்பு போகும். அணை நீர்ப்பரப்பில் தூண் நிறுத்த நீர்வளத்துறையும் சம்மதிக்கணும்.

அதுவரை படகையே மேம்படுத்தலாமா?

கண்டிப்பாக. நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவைப் படகுத்துறை அமைத்தால் சேற்று நடை மிச்சம். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட், நோயாளியைப் படுக்க வைக்க இடம், இரவுக்கு விளக்கு ஆகியவையும் வேண்டும். உள்நாட்டு நீர்வழிகளில் ஓடும் இயந்திரப் படகுகளுக்குப் பதிவும் தகுதிச் சோதனையும் கட்டாயம் என்கிறது 2021 உள்நாட்டுக் கலன்கள் சட்டம். 2009-ல் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை மறக்க முடியாது.

காட்டுக்குள் பாலம்தான் ஒரே தீர்வு என்றும் இல்லை. ஆஸ்திரேலியாவின் டெயின்ட்ரீ மழைக்காட்டுக்குப் போகும் வழியில், கரைக்குக் கரை கட்டிய கம்பிவடத்தைப் பிடித்து ஓடும் படகு, கார்களையே ஏற்றி ஆற்றைக் கடக்கிறது.

அடுத்து என்ன?

பாலமோ சாலையோ, முதல் படி கிராம சபைத் தீர்மானம். எந்த இடம், எவ்வளவு நீளம், எத்தனை மரம் என்று அதில் தெளிவாக எழுதினால்தான் கோப்பு நகரும். அது நகரும் வரைக்கும் பாதுகாப்பான படகு கேட்பதும் அந்த மக்களின் உரிமைதான்.