திரோயன் குதிரையும் கணனியும்: 1989 ஆம் ஆண்டின் எயிட்ஸ் நெகிழ்வட்டு பற்றிய ஒரு நோக்கு

கணனியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் இயந்திரங்களின் வேகத்தையும் நினைவகங்களின் பெருக்கத்தையும் விரித்துரைத்துள்ளனர். அவ்வியந்திரங்களின் முன்னே அமர்ந்திருந்த மனிதரைப் பற்றி அவர்கள் கூறியது சொற்பமே. கணனிகளைச் சிதைக்கும் செய்நிரல்களின் வரலாற்றை ஆராய்வோர்க்கு இக்குறை பெரிதாகத் தோன்றும். அச்செய்நிரல்களுட் பல பூட்டை உடைத்து உட்புகுந்தவை அல்ல. பயனாளர் தாமே கதவைத் திறந்து உள்ளே அழைத்துக் கொண்டவை. அவை விளைத்த அழிவிலும் ஒரு கணிசமான பகுதி, அஞ்சிய பயனாளரின் கைகளாலேயே நிகழ்ந்தது. 1989 ஆம் ஆண்டின் இறுதியிற் பல நாடுகளுக்குத் தபால் மூலம் அனுப்பப்பட்ட ஒரு நெகிழ்வட்டின் கதை இதனை நன்கு விளக்குகின்றது.

கிரேக்கர் மரக்குதிரையொன்றைக் கோட்டை வாயிலில் விட்டு அகன்றதும், திரோய் நகரத்தார் அதனைத் தாமே இழுத்துச் சென்றதும் யாவரும் அறிந்த கதை. பயனுள்ள பணியொன்றைச் செய்வதாகக் காட்டிக்கொண்டு மறைவிற் பிறிதொன்றைச் செய்யும் செய்நிரலுக்குத் திரோயன் குதிரை என்னும் பெயர் கணனித் துறையில் வழங்கலாயிற்று. ஐக்கிய அமெரிக்க விமானப் படைக்கென ஜேம்ஸ் அன்டர்சன் 1972 இல் தயாரித்த கணனிப் பாதுகாப்பு அறிக்கையிலேயே இப்பெயர் காணப்படுகின்றது. ஆயினும் அந்நாளில் இஃது இராணுவத்தாரும் வல்லுநரும் மட்டுமே கவலை கொள்ளும் விடயமாயிருந்தது. 1988 நவம்பரில் அமெரிக்கக் கணனி வலையமைப்பைத் திணறச் செய்த மொறிஸ் புழுவும் பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிலையங்களையுமே தாக்கிற்று. அப்புழு எவரையும் ஏமாற்ற வேண்டிய தேவையின்றி, அமைப்புகளிலிருந்த ஓட்டைகளின் வழியே தானாகப் பரவியது. அடுத்த ஆண்டு வந்த நெகிழ்வட்டு இதற்கு நேர்மாறானது. மனிதர் ஒருவர் எடுத்து இடாதவரையில் அது வெறும் பிளாஸ்டிக் தகடே.

1989 டிசம்பரில் ஏறத்தாழ 20,000 நெகிழ்வட்டுகள் தபாலிற் சேர்க்கப்பட்டன எனக் கூறப்படுகின்றது. இலண்டனில் வெளிவந்த கணனி வணிகச் சஞ்சிகையொன்றின் சந்தாதாரரும், அனைத்துலக எயிட்ஸ் மாநாடொன்றிற் கலந்துகொண்டோரும் அவற்றைப் பெற்றனர். எயிட்ஸ் பற்றிய தகவல்களைத் தரும் அறிமுக வட்டு என மேலே பொறிக்கப்பட்டிருந்தது. அனுப்பியோர் பி. சி. சைபோர்க் கோப்பரேசன் என்னும் நிறுவனத்தினர்.

அக்காலச் சூழலை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும். எயிட்ஸ் நோய் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை 1981 இல் வெளிவந்தது. அதற்குக் காரணமான வைரசு 1983 இல் இனங்காணப்பட்டது. முதல் மருந்து அங்கீகாரம் பெற்றது 1987 இலேயே. அந்நோய் பற்றிய அச்சம் பெரிதாகவும் நம்பத்தக்க தகவல் அரிதாகவும் இருந்த நிலையில், அதனைப் பற்றி அறியத் தருவதாகக் கூறும் வட்டொன்றை மருத்துவரோ ஆராய்ச்சியாளரோ ஐயுற்று ஒதுக்குவார் என எதிர்பார்த்தல் நியாயமன்று. மேலும், தொலைபேசி வழித் தொடர்புகள் அருகியிருந்த அந்நாளிற் செய்நிரல்கள் தபாலிலும் சஞ்சிகைகளுடன் இணைப்பாகவும் வருவது வழக்கமே. உறையும் முத்திரையும் முகவரியும் முறையாக அமைந்திருந்தன. இதைவிடப் பொருத்தமான மரக்குதிரையை அமைத்தல் கடினம்.

வட்டிலிருந்த செய்நிரல் பொய்யானதன்று என்பதே கவனிக்கத்தக்கது. அது பயனாளரிடம் அவர்தம் வாழ்க்கைமுறை பற்றிய வினாக்களைத் தொடுத்து, விடைகளுக்கேற்ப அவர் நோய்க்கு ஆளாகும் வாய்ப்பைக் கணித்துக் கூறிற்று, அறிவுரையும் வழங்கிற்று. வாக்களித்த பணியைச் செய்தமையால் ஐயம் எழ இடமிருக்கவில்லை. ஆனால் அதனை வன்தட்டிற் பதிக்கும்போது வேறொரு வேலையும் நடந்தது. கணனி இயங்கத் தொடங்குகையில் முதலிற் படிக்கும் கட்டளைக் கோப்பை அது மாற்றியமைத்தது. அக்கோப்பிற் குறிப்புரையாக எழுதப்படும் வரிகளுக்கு முன்னே ‘ரெம்’ என்னும் சொல் இடப்படுவது வழக்கம். அத்தகைய வரிகளைக் கணனி பொருட்படுத்தாது கடந்து செல்லும். புதிய கோப்பிலும் அவ்வாறான வரியொன்று இருந்தது. ஆனால் அச்சொல்லின் இறுதியிலே திரையிற் புலப்படாத எழுத்தொன்று ஒட்டப்பட்டிருந்தது. கண்ணுக்குக் குறிப்புரையாகத் தெரிந்த அவ்வரி, கணனிக்கு மறைவான செய்நிரலொன்றை இயக்கும் கட்டளையாயிற்று. கோப்பைத் திறந்து பார்க்கும் அளவுக்கு விடயமறிந்த பயனாளரையும் ஏமாற்றுவதற்கென்றே செய்யப்பட்ட சூழ்ச்சி இது.

அம்மறைவான செய்நிரல் கணனி தொடக்கப்படும் ஒவ்வொரு தடவையையும் எண்ணிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 90 தடவைகள் நிறைவுற்றதும் கோப்பகங்கள் மறைக்கப்பட்டன; கோப்புகளின் பெயர்கள் மறைகுறியாக்கம் செய்யப்பட்டன. பின்னர், அச்சுப்பொறியை இயக்குமாறு பயனாளர் பணிக்கப்பட்டார். அதிலிருந்து வெளிவந்தது விலைச்சிட்டையொன்று. செய்நிரலின் குத்தகைப் பணம் செலுத்தப்படவில்லை என்றும், 365 தடவைப் பாவனைக்கு 189 டொலர், வன்தட்டின் ஆயுட்காலம் முழுவதற்கும் 378 டொலர் எனப் பனாமா நாட்டின் தபாற்பெட்டியொன்றுக்கு அனுப்புதல் வேண்டும் என்றும் அதிற் கண்டிருந்தது. அதே டிசம்பர் மாதம் 20 ஆந் திகதி ஐக்கிய அமெரிக்கப் படைகள் பனாமாவினுட் புகுந்தமை, கப்பம் கேட்டவர் எதிர்பாராத இடையூறு போலும்.

வட்டுடன் வந்த தாளில் உரிம ஒப்பந்தமொன்று நுண்ணிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருந்தது. பணம் செலுத்தாவிடின் ஏனைய செய்நிரல்கள் பாதிக்கப்படும் என்றும், கணனி வழமைபோல் இயங்காது போகும் என்றும் அதிலே வெளிப்படையாகவே எச்சரிக்கப்பட்டிருந்தது. அதனை வாசித்தோர் மிகச் சிலரே என்பதில் ஐயமில்லை. ஒப்பந்தங்களை வாசியாது இணங்கும் வழக்கம் இணையத்தோடு பிறந்தது எனக் கருதுவோர் இத்தாளினை நினைவிற் கொள்ளலாம். உண்மையை எழுதி வைத்தும் ஒருவரை ஏமாற்றலாம் என்பதற்கு இஃது ஒரு சான்று.

வட்டினை ஆராய்ந்த ஆங்கிலேய வல்லுநர் ஜிம் பேற்ஸ், தமது முடிவுகளை 1990 இன் தொடக்கத்தில் வெளியிட்டார். செய்நிரல் மாற்றியவை கோப்புகளின் பெயர்களையே அன்றி உள்ளடக்கத்தை அன்று; பெயர்களை மாற்றிய முறையும், ஓர் எழுத்துக்குப் பதிலாக மற்றோர் எழுத்தை இடும் எளிய முறையே; மாற்றத்துக்கான அட்டவணை செய்நிரலினுள்ளேயே இருந்தது. ஆகவே இழந்ததாக எண்ணிய அனைத்தையும் மீட்டல் இயல்வதாயிற்று. அவர் அதற்கான செய்நிரல்களை இலவசமாகவே வழங்கினார்.

ஆயினும் அதற்குள் பலர் தம் வன்தட்டுகளை முற்றாக அழித்துவிட்டிருந்தனர். வட்டினை இட்டோம் என்ற அச்சமே சிலருக்குப் போதுமாயிருந்தது. கோப்புகள் மறையுமுன்னரே அவர்கள் அழிக்கத் தலைப்பட்டனர். இத்தாலியிலிருந்த எயிட்ஸ் ஆராய்ச்சி நிறுவனமொன்று இவ்வகையிற் பத்தாண்டு வேலையை இழந்தது என அந்நாளிற் செய்தி வெளியாயிற்று. அவ்வேலையை அழித்தது பி. சி. சைபோர்க்கின் செய்நிரல் அன்று, அதற்கஞ்சியவரின் கையே. அறிவுக்காகத் திறந்த கதவின் வழியே வந்த அச்சம், அந்நோயைப் பற்றித் தேடிய அறிவையே அழித்தது. இந்நிகழ்ச்சியைக் கப்பம் கோரும் செய்நிரல்களின் முன்னோடி என்று மட்டும் கூறி அமையும் நூல்கள் இவ்வுண்மையை உரியவாறு எடுத்துரைப்பதில்லை.

வட்டினை அனுப்பியவர் எனக் கைதானவர் ஜோசப் பொப் என்னும் அமெரிக்கர். ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற உயிரியலாளர். ஆபிரிக்கப் பபூன் குரங்குகளின் நடத்தையை ஆராய்ந்தவர். அம்ஸ்ரடாம் விமான நிலையத்தில் அவரது விபரீத நடத்தையே முதலில் ஐயத்தைத் தோற்றுவித்தது. 1990 இல் ஒகையோ மாநிலத்திற் கைதுசெய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கு ஒப்படைக்கப்பட்டார். அச்சுறுத்திப் பணம் பறித்தல் என்பதே அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம். கணனித் துர்ப்பிரயோகச் சட்டம் பிரித்தானியாவில் 1990 இலேயே நிறைவேறிற்று. வட்டு அனுப்பப்பட்ட காலத்தில் அத்தகைய சட்டம் இருக்கவில்லை. எனவே வழக்கு 1968 ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டத்தைச் சார்ந்தது. பணத்தை எயிட்ஸ் ஆராய்ச்சிக்கு வழங்கவே எண்ணியிருந்ததாக அவர் தரப்பிற் கூறப்பட்டது. மனநிலை காரணமாக விசாரணைக்குத் தகுதியற்றவர் என 1991 இல் நீதிமன்றம் தீர்மானித்தமையால் அக்கூற்றின் மெய்ம்மை சோதிக்கப்படாமலே போயிற்று.

பொப்பின் முறையிலிருந்த பலவீனம் யாது என்பதைப் பின்வந்தோர் கண்டனர். பூட்டும் திறப்பும் ஒரே செய்நிரலினுள் இருந்தமையே அது. அடம் யங், மொட்டி யுங் ஆகிய இருவரும் 1996 இல் வாசித்த கட்டுரையொன்றில், பூட்டுவதற்கு ஒன்றும் திறப்பதற்கு வேறொன்றுமாக இரு திறவுகோல்களைப் பயன்படுத்தினால், பாதிக்கப்பட்டவர் அனுப்பியவரிடம் கையேந்துவதன்றி வேறு வழியிராது எனக் காட்டினர். எச்சரிக்கையாக எழுதப்பட்ட அக்கருத்தே பிற்காலக் கப்பக்காரர் பின்பற்றிய வழியுமாயிற்று.

கணனியை மெய்யாகவே பாழாக்கிய செய்நிரலுக்கு உதாரணம், தாய்வான் மாணவர் ஒருவர் 1998 இல் உருவாக்கிய சீ. ஐ. எச். வைரசு ஆகும். ஏனைய செய்நிரல்களினுள் வெறுமையாகக் கிடந்த இடைவெளிகளில் அது தன்னைச் செருகிக்கொண்டமையாற் கோப்பின் அளவு மாறவில்லை. அளவைப் பார்த்து ஐயுறும் பயனாளருக்கும் எதுவும் புலப்படவில்லை. 1999 ஏப்ரில் 26 ஆந் திகதி, செர்னோபில் விபத்தின் ஆண்டு நிறைவன்று, அது விழித்தெழுந்து வன்தட்டின் முற்பகுதியை அழித்தது. சில கணனிகளில் தொடக்க நிரலைக் கொண்ட சில்லினையும் கெடுத்தது. சில்லினை மாற்றாமல் அக்கணனிகளை இயக்குதல் அரிதாயிற்று. தென் கொரியா, துருக்கி முதலிய நாடுகள் பெரிதும் பாதிக்கப்பட்டன. தாய்வானிலோ முறைப்பாடு செய்வோர் இன்மையால் அம்மாணவர்மீது அப்போது வழக்குத் தொடர இயலவில்லை.

அடுத்த ஆண்டு மே 4 ஆந் திகதி பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய காதற் கடிதப் புழுவின் வரலாறு பலரும் அறிந்தது. தெரிந்தவரின் பெயரோடு வந்தமையும், கோப்பின் உண்மையான பின்னொட்டை விண்டோஸ் அமைப்பு மறைத்துக் காட்டியமையும் அதன் வெற்றிக்குக் காரணமாயின. அங்கும் சட்டமில்லை, 2000 ஆகஸ்ட்டில் வழக்குக் கைவிடப்பட்டது. இலங்கையிற் கணனிக் குற்றங்கள் சட்டம் 2007 இலேயே நிறைவேறிற்று என்பதும் இத்தொடர்பிற் குறிப்பிடத்தக்கது.

எயிட்ஸ் நெகிழ்வட்டு விளைத்த அச்சத்துக்கு நெருங்கிய உறவினதாகக் கொள்ளத்தக்கது, செய்நிரலே இல்லாத ஓர் ஏமாற்று. 2002 இல் உலகெங்கும் பரவிய மின்னஞ்சலொன்று, சாம்பல் நிறக் கரடிக் குட்டியின் படத்தைச் சின்னமாகக் கொண்ட கோப்பொன்று கணனியில் உள்ளதா எனத் தேடுமாறும், இருப்பின் அது வைரசு ஆதலால் உடனே நீக்குமாறும், முகவரிப் பட்டியலிலுள்ள அனைவருக்கும் இதனை அறிவிக்குமாறும் கூறிற்று. தேடியோர் பலர் கரடியைக் கண்டனர். காணாதிருக்க இயலாது, ஏனெனில் அது விண்டோஸ் அமைப்போடு வந்த முறையான கோப்பு. முந்திய ஆண்டிலும் நீண்ட கோப்புப் பெயர்களை மீட்க உதவும் கோப்பொன்றைப் பற்றி இதுபோன்ற வதந்தி பரவியிருந்தது. நண்பருக்கு உதவும் எண்ணத்தோடு மடலை அனுப்பியோர் தாமே வைரசின் வேலையைச் செய்தனர். கரடியை நீக்கியவர்கள் அதனை மீண்டும் பெறும் வழியை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் தனி அறிவித்தலாக வெளியிட வேண்டியதாயிற்று.