நூதனசாலையில் எத்தனை மணி நேரம்?

வெளியூர்ப் பிரயாணம் செய்வோர் அடிக்கடி கேட்டுக்கொள்ளும் கேள்விகளுள் ஒன்று, செல்லும் நகரத்துக் கலைக்கூடத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதாகும். ஒரு முழு நாளா, அரை நாளா, அன்றி இரண்டு மணி நேரம் போதுமா? இது தனிமனிதரின் ரசனையை மட்டும் பொறுத்த விடயம் என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால் கலையைப் பார்ப்பதற்கான நேரம் யாரிடம் இருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது, பின்னர் எவ்வாறு பெறப்பட்டது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை நோக்கினால் நமது கேள்விக்கும் விடை கிடைக்கும்.

இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலை 1759ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் திகதி திறக்கப்பட்டது. சட்டப்படி அது பொதுமக்களுக்குரியது. நுழைவுக் கட்டணமும் இல்லை. நடைமுறையோ வேறு. பார்க்க விரும்புபவர் தமது பெயர், சமூக நிலை, வதிவிடம் ஆகியவற்றை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து அநுமதிச் சீட்டுக்குக் காத்திருத்தல் வேண்டும். சீட்டுக் கிடைத்தோர் சிறு குழுக்களாக, அலுவலர் ஒருவரின் பின்னால் நடத்திச் செல்லப்பட்டனர். விரும்பிய பொருளின் முன்னால் விரும்பிய அளவு நிற்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை.

1784ஆம் ஆண்டின் இறுதியில் பேர்மிங்காமிலிருந்து இலண்டன் சென்ற வில்லியம் ஹட்டன் என்னும் புத்தக வியாபாரியின் அநுபவம் இதற்குச் சான்று பகர்கிறது. ஏழு வயதிலேயே டார்பி நகரின் பட்டு ஆலையில் வேலைக்கு அமர்த்தப்பட்டவர் அவர். கல்வியைப் புத்தகங்களின் வாயிலாகத் தாமே தேடிக்கொண்டவர். இலவசமாக வழங்கப்பட வேண்டிய அநுமதிச் சீட்டை வேறொருவரிடமிருந்து ஏறத்தாழ இரண்டு சிலிங் கொடுத்து வாங்கியே அவர் உள்ளே செல்ல முடிந்தது. காணும் பொருள்கள் யாவை என்று அவர் வினவியபோது வழிகாட்டி சினந்துகொண்டார். முப்பது நாட்களுக்குப் போதுமான பொருள்களை முப்பது நிமிடங்களில் கடந்து வெளியேற நேர்ந்ததாகத் தமது பிரயாண நூலில் ஹட்டன் வருந்தினார். அவர் தாமாக விரைந்து நடக்கவில்லை; விரைந்து நடக்க வைக்கப்பட்டார்.

பாரிஸ் நகரிலே பிரெஞ்சுப் புரட்சி இந்நிலையை மாற்ற முனைந்தது. முடியாட்சி வீழ்ந்த நாளின் முதலாண்டு நிறைவில், 1793 ஆகஸ்ட் 10ஆந் திகதி, மன்னர்களின் லூவர் மாளிகை மக்களின் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. புரட்சி அரசின் காலக் கணிப்பில் வாரம் பத்து நாட்களைக் கொண்டது. அப்பத்து நாட்களுள் இறுதி மூன்று நாட்கள் பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்டன. கலைச்செல்வம் எவருக்குரியது என்பதோடு, அதைக் காணும் நேரம் எவருக்குரியது என்பதும் அங்கு அரசியற் பிரச்சினையாகவே எழுந்தது என்பது கவனிக்கத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இப்பிரச்சினை மேலும் கூர்மையடைந்தது. தொழிலாளி வாரத்தில் ஆறு நாட்கள் வேலை செய்தான். நூதனசாலைகளோ அவன் வேலை செய்யும் நாட்களிலே, அவன் வேலை செய்யும் பகற்பொழுதிலே திறந்திருந்தன. அவனுக்கு ஓய்வான ஞாயிற்றுக்கிழமைகளில் அவை மூடப்பட்டிருந்தன. கதவு சட்டப்படி திறந்திருந்தும் அவனுக்கு அது அடைத்த கதவே ஆயிற்று. பின்னர் சாசன இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவராக விளங்கிய தச்சுத் தொழிலாளி வில்லியம் லவெட், நூதனசாலையை ஞாயிறு தினங்களில் திறக்குமாறு கோரும் மனுவொன்றை 1829ஆம் ஆண்டிலேயே வரைந்தார். 1855இல் இதற்கெனத் தேசிய ஞாயிறு சங்கம் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பாராளுமன்றத்திற் கொண்டுவரப்பட்ட பிரேரணை பெரும் வாக்கு வேறுபாட்டால் தோற்கடிக்கப்பட்டது. சமயத்தின் பெயரால் எதிர்ப்புத் தெரிவித்தோர் பலர். எனினும் செல்வர்கள் தமது மாளிகைச் சுவர்களில் மாட்டியிருந்த ஓவியங்களை ஞாயிறு தினங்களிற் பார்ப்பதைத் தடுக்க எவரும் முன்வரவில்லை. தேசிய நூதனசாலைகளை ஞாயிறு பிற்பகல்களிற் திறக்கும் தீர்மானம் 1896ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. லவெட்டின் மனுவுக்கும் அத்தீர்மானத்துக்கும் இடையே 67 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இடையில் வேறொரு வழியும் கண்டறியப்பட்டது. 1857இல் திறக்கப்பட்ட தென் கென்சிங்டன் நூதனசாலையில் வாயு விளக்குகள் ஏற்றப்பட்டு, வேலை முடிந்து வருவோருக்கென மாலை வேளைகளிலும் கதவுகள் திறந்து விடப்பட்டன. அங்கு வந்த தொழிலாளருக்கு ஒரு நாள் முழுவதையும் செலவிடும் வசதி இல்லை. மாலையில் ஒரு மணி நேரம், மறுவாரம் இன்னொரு மணி நேரம் என்றே அவர்கள் கலையோடு பழக முடிந்தது.

இன்றைய பிரயாணியை எந்த அலுவலரும் விரட்டுவதில்லை. ஆயினும் அவர் ஹட்டனைப் போலவே ஓடுகிறார். நட்சத்திரக் குறியிட்ட வழிகாட்டி நூல்களும், ஒரு பகலில் நான்கு இடங்களைக் காட்டும் சுற்றுலா வியாபாரமும் அந்த அலுவலரின் வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டன. நியூயோர்க்கின் மெட்ரோபொலிற்றன் கலைக்கூடத்தில் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பார்வையாளர் ஓர் ஓவியத்தின் முன் நின்ற நேரம் சராசரியாக 27 விநாடி. பார்வைகளுட் பாதி 17 விநாடிக்கு மேற்படவில்லை. மறுபுறம், உடலின் எல்லையையும் நாம் மறத்தலாகாது. பொஸ்டன் நுண்கலைக் கூடத்தின் செயலாளர் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், பொருள்களைப் பார்ப்பவர் குனிந்தும் நிமிர்ந்தும் படும் சிரமத்தைப் புகைப்படங்களால் விளக்கி, 'நூதனசாலைக் களைப்பு' என்பதைப் பற்றி 1916இல் எழுதினார். நாள் முழுவதும் உள்ளே அலைபவர் பின்னேரத்தில் காண்பவை அவருடைய கால்வலியை மட்டுமே வளர்க்கும்.

அங்ஙனமாயின் எவ்வாறு பார்ப்பது? இரண்டாம் உலக யுத்த காலத்து இலண்டன் இதற்கு விடை தருகிறது. குண்டுவீச்சுக்கு அஞ்சித் தேசிய ஓவியக் கூடத்தின் படங்கள் யாவும் அகற்றப்பட்டு, 1941 முதல் வேல்ஸ் நாட்டின் மனோட் கற்சுரங்கத்தில் வைக்கப்பட்டிருந்தன. வெற்றுச் சுவர்களைக் கண்டு சலித்த மக்களின் வேண்டுகோளுக்கிணங்க, 1942 முதல் மாதத்துக்கு ஓர் ஓவியம் மட்டும் சுரங்கத்திலிருந்து கொணர்ந்து காட்டப்பட்டது. அவ்வாறு வந்தவற்றுள் டிஷியனின் ஓவியம் ஒன்றும் அடங்கும். ஆயிரக்கணக்கான ஓவியங்களிடையே நின்று பாராத கண்கள், ஒற்றை ஓவியத்தைத் தேடி வந்து ஆறுதலாகப் பார்த்தன. யுத்தம் விளைத்த வறுமையிலிருந்து பிறந்த இம்முறையை வசதியுள்ள காலத்திலும் நாம் கைக்கொள்ளலாம்.

உறவினரைக் காணவோ புலமைப்பரிசில் பெற்றோ இலண்டன் செல்லும் நம்மவர் இதனை மனங்கொள்ளுதல் நன்று. பிரித்தானிய நூதனசாலையிலும் தேசிய ஓவியக் கூடத்திலும் நிரந்தரச் சேகரிப்பைக் காண்பதற்கு இன்றும் கட்டணம் இல்லை. கட்டணம் செலுத்துமிடத்தில், கொடுத்த காசுக்கு ஈடாக எல்லாவற்றையும் பார்த்துவிடும் ஆசை எழுவது இயல்பு. இலவசமான இடத்துக்கோ ஒரு நாளில் ஒரு மணி நேரம், மற்றொரு நாளில் ஒரு மணி நேரம் என இருமுறை செல்லலாம். போகுமுன் இரண்டு மூன்று பொருள்களை மட்டும் தெரிந்துகொள்ளலாம். அவற்றுள் ஒன்றாக நமது தாரா சிலை இருக்கட்டும். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியிற் கண்டெடுக்கப்பட்ட அப்பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலையை, கண்டி இராச்சியம் வீழ்ந்த காலத்துத் தேசாதிபதி றொபேட் பிரவுண்றிக் 1830இல் அந்நூதனசாலைக்கு வழங்கினார். கீழ் மாகாணத்து மண்ணிலிருந்து அது அங்கு ஏன் சென்றது என்று சிந்திப்பதற்கு 27 விநாடி போதாது.

நமது நாட்டுக்கு நூதனசாலை வந்த வழி வேறு. இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தின் தருமகர்த்தாக்களுள் ஒருவரான வில்லியம் கிரெகரி இங்கு தேசாதிபதியாக இருந்தபோது, கொழும்பு நூதனசாலை 1877 ஜனவரி 1ஆந் திகதி திறக்கப்பட்டது. அது மேலிருந்து தரப்பட்டது. அதனாற்போலும், பார்ப்பதற்கான நேரத்தை ஓர் உரிமையாகக் கருதும் பழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. பாடசாலைச் சுற்றுலாக்களில் மிருகக்காட்சிச்சாலைக்கும் கடற்கரைக்கும் இடையே நூதனசாலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரைமணி நேரந்தான். தூரக் கிராமத்திலிருந்து இரவோடிரவாகப் பேருந்தில் வந்த பிள்ளைகள் வரிசை குலையாமல் முன் வாயிலால் நுழைந்து, வரிசை குலையாமல் வெளியேறுகின்றனர். ஹட்டனுக்கு நேர்ந்தது இங்கு நம் கண்முன்னே நிகழ்கிறது. அலுவலரின் இடத்தில் ஆசிரியர்களாகிய நாம் நிற்கிறோம்.

அடுத்த சுற்றுலாவுக்கான நேரசூசியைத் தயாரிக்கும் ஆசிரியர்கள் இரண்டு இடங்களைக் குறைத்து, நூதனசாலைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குதல் வேண்டும். வகுப்பறையில் முன்னரே பேசித் தெரிந்தெடுத்த மூன்று பொருள்களை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டுதல் போதும். எஞ்சிய நேரத்தில் அவர்கள் விரும்பிய இடத்தில் நிற்கட்டும். விரும்பிய கேள்வியைக் கேட்கட்டும். லவெட்டும் அவர் தோழர்களும் கேட்டுப் போராடியது இந்த நேரத்துக்காகத்தான்.