மிஸ் எவர்ஸ் பாய்ஸ்

மருத்துவரும் நாடக இயக்குநருமான டேவிட் ஃபெல்ட்ஷூ எழுதிய அமெரிக்க மேடை நாடகம். 1989இல் பால்டிமோரில் அரங்கேறியது. 1992இல் புலிட்சர் பரிசின் இறுதிச் சுற்றை எட்டியது. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகீயில் 1932 முதல் 1972 வரை நடந்த சிபிலிஸ் ஆய்வே இதன் கரு. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, நோயுற்ற 399 கறுப்பின ஆண்களிடம் நோயின் பெயரைச் சொல்லாமல் 'கெட்ட ரத்தம்' என்றது. சூடான சாப்பாடும் ஈமச்செலவுக்குக் காப்பீடும் கொடுத்தது. 1940களில் பெனிசிலின் வந்த பிறகும் அதை மறுத்தது. முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்ததைச் சிறப்பு இலவச சிகிச்சை என்று நம்ப வைத்த கொடுமைக்கு மன்னிப்பே கிடையாது.

யூனிஸ் ரிவர்ஸ் என்ற செவிலியரின் சாயலில் படைக்கப்பட்ட எவர்ஸ், செனட் குழுமுன் சாட்சி சொல்வதாக நாடகம் நகர்கிறது. ஆய்வுக்கு உள்ளான ஆண்களில் ஒருவனான, துள்ளி ஆடும் வில்லியின் கால்கள் மெல்ல முடங்குகின்றன; நேசித்தவர்களிடமே உண்மையை மறைத்தவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளை அரக்கியாக்காமல் விட்டதே நாடகத்தின் பலம். நாடகத்தைத் தழுவி ஆல்ஃப்ரீ வுடார்ட் நடித்த தொலைக்காட்சிப் படம் 1997இல் வெளியானது. அதே ஆண்டில் அதிபர் கிளின்டன் அந்த ஆய்வுக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.