மாவட்டம் என்ற ஒரு கட்டம்

ஏறாவூரிலிருந்து வடக்கே, பதுளை வீதி பிரிகின்ற செங்கலடிச் சந்தியைத் தாண்டிச் சில கிலோமீற்றர் சென்றால் வந்தாறுமூலை. பிரதான வீதியை ஒட்டியே கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கிறது. அதன் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் கட்டடங்களையும் பீடங்களையும் துணைவேந்தர்களையும் பற்றி எழுதினார்கள். என் ஆர்வம் எப்போதும் வேறொன்றின்மீது: மாணவர் பதிவேடு.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மாணவர் விவரங்கள் கையால் எழுதிய தடித்த பேரேடுகளிலிருந்து கணினிக்கு இடம்பெயர்ந்தது கடந்த 20, 25 ஆண்டுகளில்தான். 2003 இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய பட்டப்படிப்புத் தர மேம்பாட்டுத் திட்டமும், 2010 இல் அதனைத் தொடர்ந்த உயர்கல்வித் திட்டமும் இதற்குப் பணமும் உந்துதலும் கொடுத்தன. புதிய மென்பொருள் வரும்போதெல்லாம் அதன் வேகத்தைப் பற்றியும் வசதியைப் பற்றியும் பேசுவார்கள். பழைய பேரேட்டின் வரிகளைத் திரையிலுள்ள கட்டங்களுக்குள் கொண்டுவந்து சேர்க்கும் எழுதுவினைஞருக்குத்தான் உண்மையான சிக்கல் தெரியும். பேரேட்டில் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு குறிப்பு எழுதலாம். கணினியோ கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது.

அந்தக் கட்டங்களுள் ஒன்று ‘மாவட்டம்’. வெளிநாட்டிலே வாழும் இளைய வாசகர்களுக்கு அது ஒரு முகவரிக் குறிப்பாகத் தோன்றலாம். இலங்கையின் கடந்த 50 ஆண்டுச் சரித்திரத்தில் பெரும்பகுதி அந்த ஒரு கட்டத்துக்குள் அடங்கியிருக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியே இதை எழுதுகிறேன்.

1970 வரை பல்கலைக்கழக அனுமதி என்பது எடுத்த புள்ளிகளின் கணக்கு மட்டுமே. 1971 ஆம் ஆண்டு அனுமதியின்போது அது மாறியது. பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவர் 227 புள்ளிகளுடன் நுழையலாம், தமிழ் மொழிமூல மாணவர் 250 எடுத்தாக வேண்டும் என்றாயிற்று. 1973 இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974 இல் மாவட்டங்களின் மக்கட்தொகைக்கேற்ற ஒதுக்கீடும் வந்தன. பொறியியற் பீட அனுமதியில் தமிழ் மாணவரின் பங்கு 1973 இல் 24.4 வீதமாக இருந்தது. 1974 இல் 16.3 வீதமாகவும் 1975 இல் 14.2 வீதமாகவும் இறங்கிற்று. மருத்துவத்தில் வீழ்ச்சி இன்னும் செங்குத்தானது. யாழ்ப்பாணத்து இளைஞர் ஒரு தலைமுறையே இந்த எண்களின் முன் நின்று கொதித்தது. அதன் பின்விளைவுகளை வாசகர்கள் அறிவர்.

ஆனால் இந்தக் கதையை யாழ்ப்பாணத்திலிருந்து சொல்வதற்கும் ஏறாவூரிலிருந்து சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. நம் எழுத்துகளில் இது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலுமிருந்து, படுவான்கரையிலிருந்தோ எழுவான்கரையிலிருந்தோ, விஞ்ஞான பீடங்களுக்குச் சென்றவர்கள் அதற்கு முன்னர் மிகச் சிலரே. ஆய்வுகூடம் உள்ள பாடசாலைகள் பெரும்பாலும் நகரத்திலேயே இருந்தன. உயர்தர வகுப்புக்கு இரசாயனம் கற்பிக்க ஆசிரியர் இல்லாத ஊர்களில், புள்ளிக்குப் புள்ளி போட்டியிடுவது என்பது பேச்சளவில் மட்டுமே நீதியாக இருந்தது. மாவட்ட ஒதுக்கீடு, எந்த நோக்கத்தோடு கொண்டுவரப்பட்டிருந்தாலும், மட்டக்களப்புத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒரு கதவைத் திறந்தது. மொழிவாரித் தரப்படுத்தல் வெளிப்படையான அநீதி என்பதிலும், 1974 இல் மாவட்ட முறை கொண்டுவரப்பட்ட விதத்தில் அரசியல் கணக்கு இருந்தது என்பதிலும் எனக்கு ஐயமில்லை. எனினும் வடக்கில் சாத்தப்பட்ட அதே கதவின் மறுபக்கம் கிழக்கில் திறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாத வரலாறு முழுமையானதல்ல. இதைச் சொன்னதற்காக நண்பர்கள் சிலர் என்னுடன் வாதிட்டதுண்டு, இன்றும் வாதிடுகிறார்கள்.

முறைகள் பின்னர் பலமுறை மாற்றப்பட்டன. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ்ப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அமைந்தபின், அனுமதி அதன் கைக்குப் போனது. இப்போதைய நடைமுறையில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமையடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கியவையாகக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுக்குமாகப் பகிரப்படுகிறது. மட்டக்களப்பு அந்தப் 16 இல் ஒன்று. ஒரு காலத்தில் முதலிடத்தில் நின்ற யாழ்ப்பாணமும் இப்போது அந்தப் பட்டியலில் இருக்கிறது. போர் செய்த வேலைகளில் இதுவும் ஒன்று.

நான் பத்திரிகையில் இருந்த காலத்தில், வெட்டுப்புள்ளிப் பட்டியல் வந்து சேரும் இரவு மற்ற இரவுகளைப் போன்றதன்று. மாவட்டம் வாரியாக, பாடநெறி வாரியாக, வரிசை வரிசையாக எண்கள். அரசியல்வாதியின் பேச்சில் ஒரு சொல் தவறினால் மறுநாள் திருத்தம் போட்டு ஈடுசெய்யலாம். அந்தப் பட்டியலில் ஓர் இலக்கம் பிசகினால் எங்கோ ஒரு வீட்டில் அடுப்பெரியாது. எனவே இருவர் சேர்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் பார்க்க, நள்ளிரவு தாண்டியும் ஒப்புநோக்குவோம்.

2001 இல் மொத்தப் புள்ளிகளின் இடத்துக்கு இசற் புள்ளி வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் இம்முறையோடு தொடர்புபடுத்திப் பேசப்படுபவர். ஒரு பாடத்தில் மாணவர் எடுத்த புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பது. மூன்று பாடங்களுக்கும் அவ்வாறு பெற்றவற்றின் சராசரியை எடுப்பது. கடினமான பாடம் எடுத்தவர் நட்டப்படாமலிருக்க இது வழி செய்கிறது. தசமத்தின் பின் நான்கு இலக்கங்கள் வரை கணிக்கப்படும் இந்த எண்ணைத் தகப்பன்மாருக்கு விளங்கவைப்பதற்குள் ஆசிரியர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. “பிள்ளைக்கு எத்தனை மார்க்ஸ் என்று சொல்லுங்கோ சேர்” என்ற கேள்விக்கு நேரான பதில் அன்றோடு இல்லாமற் போயிற்று.

கணினி கணித்தால் பிழைக்காது என்ற நம்பிக்கை 2011 இல் ஆட்டம் கண்டது. அவ்வருட உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தில் ஒரு தொகுதியினரும் புதிய பாடத்திட்டத்தில் ஒரு தொகுதியினரும் தோற்றியிருந்தனர். இரு தொகுதியினரையும் ஒன்றாகக் கலந்து இசற் புள்ளி கணிக்கப்பட்டது. டிசம்பரில் முடிவுகள் வெளியானபோது மாவட்ட நிலைகளிலேயே குழப்பம் தென்பட்டது. வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போய், 2012 ஜூனில் அந்தக் கணிப்பு செல்லாதென்றும் இரண்டு தொகுதியினரையும் தனித்தனியே கணிக்க வேண்டுமென்றும் தீர்ப்பாயிற்று. பொறி கூட்டிக் கழித்ததில் பிழை இருக்கவில்லை. எதை எதனோடு சேர்ப்பது என்று மனிதர் சொல்லிக்கொடுத்ததிலேயே பிழை இருந்தது.

மீண்டும் வந்தாறுமூலைக்கு வருவோம். கல்குடாத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரும் அமைச்சருமாயிருந்த கே. டபிள்யூ. தேவநாயகத்தின் முயற்சியால், 1981 ஆகஸ்ட் 1 ஆம் திகதி, வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளாகத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. தொடக்கத்தில் விஞ்ஞானமும் விவசாயமும். 1986 ஒக்டோபர் 1 ஆம் திகதி அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. கிழக்கின் பிள்ளைகள் தமிழரென்றும் முஸ்லிமென்றும் பாராது ஒரே விரிவுரை மண்டபத்தில் அமர்ந்த காலம் அது. ஏறாவூரிலிருந்து சைக்கிளிலேயே போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம்! முன்னைய தலைமுறை கற்பனை செய்திராத விடயம்.

அது நான்கு வருடம்கூட முழுதாய் நீடிக்கவில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. சுற்றுக் கிராமங்களிலிருந்து ஓடிவந்த ஆயிரக்கணக்கான தமிழர்களுக்குப் பல்கலைக்கழக வளாகம் அகதி முகாமாயிற்று. ஆகஸ்ட் 11 ஆம் திகதி இரவும் மறுநாள் அதிகாலையுமாக ஏறாவூரில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள், பெண்களும் பிள்ளைகளும் உட்பட, கொல்லப்பட்டனர். செய்தவர்கள் விடுதலைப் புலிகள் என்றே எங்கும் பதிவாகியிருக்கிறது. செப்டம்பர் 5 ஆம் திகதி, வந்தாறுமூலை முகாமைச் சுற்றிவளைத்த இராணுவத்தினர் 158 பேரைப் பிரித்தெடுத்துக் கொண்டுபோயினர். அவர்கள் திரும்பவில்லை. முகாமின் அன்றாடப் பொறுப்பைத் தாங்கியிருந்தவர்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிலர். 158 என்பது தோராயமான எண்ணன்று. பெயர்களோடு கூடிய எண். மாணவரைப் பதிவுசெய்யக் கட்டப்பட்ட ஓரிடத்தில் அவ்வாண்டு எழுதப்பட்ட முக்கியமான பட்டியல் அதுதான்.

முஸ்லிம் மாணவர் வந்தாறுமூலைக்கு வர இயலாத நிலை உருவாயிற்று. 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டு, 1996 மே மாதத்தில் பல்கலைக்கழகமானது. எம். எச். எம். அஷ்ரஃபின் பெயர் அதனோடு பிரிக்கமுடியாதபடி இணைந்தது. ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் தோன்றியதற்காக மகிழ வேண்டியவர்களே நாம். ஆனால் அதன் முதல் பதிவேட்டில் இருந்த பெயர்கள் வந்தாறுமூலைப் பதிவேட்டில் இருந்திருக்க வேண்டிய பெயர்கள் என்பது அந்த மகிழ்ச்சியோடு சேர்ந்தே வருகிறது.

‘மாவட்டம்’ என்ற கட்டமும் போரினால் வேறு பொருள் கொண்டது. ஒரு மாணவரின் மாவட்டம் அவர் பிறந்த ஊரையன்று, உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் அவர் எங்கே படித்தார் என்பதையே பொறுத்தது. வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டத்துக்குப் பிள்ளையை அனுப்பும் வசதிபடைத்த பெற்றோரைத் தடுக்க அது தேவையான விதிதான். ஆனால் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக் கொட்டில்களில் படித்த பிள்ளைக்கு அந்தக் கட்டத்தில் புத்தளம் என்றே வந்தது. விதிக்கு இடப்பெயர்வு தெரியாது.

பெயர்க் கட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. இந்த மென்பொருள்களின் மூலவடிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று கேட்கும் நாடுகளில் பிறந்தது. நமக்கோ தகப்பன் பெயரின் முதலெழுத்தும் நம் பெயரும் மட்டுமே. ஏறாவூரில் முகம்மது என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எழுத ஆறேழு வழிகள் புழக்கத்தில் உள்ளன. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று, பரீட்சைச் சான்றிதழில் மூன்றாவது. பேரேட்டுக் காலத்து எழுதுவினைஞர் ஆளைப் பார்த்து, “நீ இன்னாரின் மகன்தானே தம்பி” என்று தீர்த்துக்கொள்வார். கணினிக்கு மூன்றும் மூன்று பேர். 1990 இல் எரிந்த வீடுகளோடு பிறப்புச் சான்றிதழும் எரிந்துபோய், உத்தேச வயதுச் சான்றிதழோடு வந்த பிள்ளைகளின் கதை தனி. அடையாள அட்டை இலக்கமும் 2016 வரை ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்துமாக இருந்து, பின்னர் 12 இலக்கமாகியது. பழைய நீளத்துக்கு அளந்து செய்த கட்டங்களெல்லாம் நீட்டப்பட வேண்டியதாயிற்று. இது சிறு தொல்லை, முன்னவற்றோடு ஒப்பிடத்தக்கதன்று.

இத்தகைய கட்டங்களுக்கு எதிரான கோபம் நமக்கு மட்டும் உரியதல்ல. 1964 இல் கலிபோர்னியாவின் பெர்க்லி மாணவர்கள் பேச்சுரிமைக்காகப் போராடியபோது, பதிவுக்குப் பயன்பட்ட துளையட்டைகளைத் தங்கள் சட்டைகளிலே குத்திக்கொண்டார்கள். ‘மடிக்காதே, கிழிக்காதே’ என்று அட்டைமேல் அச்சிட்டிருந்த எச்சரிக்கையைத் தமக்கே பொருத்திக் கேலி செய்தார்கள். பெர்க்லி மாணவர் தாம் வெறும் எண்ணாகிவிட்டோமே என்று கோபித்தார்கள். வந்தாறுமூலையில் கவலை வேறு வகையினது: எண்ணிலும் இல்லாது போய்விடுவோமோ என்பது.

எந்த மாணவர் நிருவாக மென்பொருளிலும் ‘நிலை’ என்றொரு கட்டம் உண்டு. கற்பவர், பட்டம் பெற்றவர், இடைவிலகியவர், ஒத்திவைத்தவர், இறந்தவர் எனத் தெரிவுகள் இருக்கும். ஊழியர் பதிவேட்டிலும் ஏறத்தாழ இவ்வாறே. 2006 டிசம்பர் 15 ஆம் திகதி, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பேராசிரியர் சி. இரவீந்திரநாத், கொழும்பில் விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குச் சென்றிருந்த வேளையில் காணாமற்போனார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் கலைப்பீடாதிபதி கடத்தப்பட்டு, துணைவேந்தர் பதவி விலக வேண்டும் என்று கோரப்பட்டிருந்தது. இரவீந்திரநாத் இன்றுவரை திரும்பவில்லை.

இறந்தவர் என்று எழுதக் குடும்பம் இசையாது. இருக்கிறார் என்று எழுத அலுவலகத்துக்கு ஆதாரம் இல்லை. இத்தகையோருக்கு இலங்கைச் சட்டத்தில் நெடுங்காலம் சொல்லே இருக்கவில்லை. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் மரணச் சான்றிதழ் பெறவே வழிசெய்தது. அதற்கு 2016 இல் வந்த திருத்தம்தான், இறந்தார் என்று சொல்லாமல், ஆள் காணப்படவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்யும் ஒரு சான்றிதழை உண்டாக்கியது. வந்தாறுமூலையில் 158 பேர் கொண்டுபோகப்பட்டதற்கும் அந்தத் திருத்தத்துக்கும் இடையில் 26 ஆண்டுகள்.